லீவுக் கணக்கில் ஏறாத நோய்

கேள்வி: 600 பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். பாதிப் பேர் உற்பத்தியில் இரண்டு ஷிப்ட், மீதிப் பேர் அலுவலகம். சுகர், பிரஷர், முதுகுவலி போன்ற நாட்பட்ட நோய்களால் எவ்வளவு வேலை இழப்பு ஏற்படுகிறது என்று ஆய்வு செய்து 3 மாதத்தில் அறிக்கை தரச் சொல்லியிருக்கிறார்கள். லீவுப் பதிவேட்டைப் புரட்டினேன். நோய் இருப்பதாக எங்களுக்குத் தெரிந்தவர்கள் மற்றவர்களைவிட ஆண்டுக்கு இரண்டு நாள்தான் கூடுதலாக லீவு எடுத்திருக்கிறார்கள். 'பாதிப்பு குறைவு' என்று எழுதி முடித்துவிடலாமா? கேள்வித்தாள் வைத்தால் என்ன கேட்பது, எப்படிக் கணக்குப் போடுவது, ஆட்கள் உண்மையைச் சொல்வார்களா? இன்னொன்று: எனக்கே மூன்று வருடமாக முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி விறைக்கும் நோய்) இருக்கிறது. அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அப்படி எழுதிவிடாதீர்கள். அந்த இரண்டு நாள் கணக்கில் தப்பில்லை. ஆனால் லீவுப் பதிவேட்டுக்கு யார் வரவில்லை என்று மட்டும்தான் தெரியும். வந்தவர் எந்த நிலைமையில் வந்தார் என்று அதற்குத் தெரியாது. இந்த மூன்று வருடத்தில் எத்தனை நாள் காலையில் விரல் மடங்காமல் வந்து உட்கார்ந்து, கை ஒருவழியாக இளகும்வரை எழுத வேண்டாத வேலையாகப் பார்த்துச் செய்திருப்பீர்கள்? அதில் ஒரு நிமிடம்கூட அந்தப் பதிவேட்டில் ஏறவில்லை. நிர்வாகம் உங்களிடம் கேட்டிருப்பது அந்த நிமிடங்களின் கணக்கைத்தான்.

வேலைக்கு வந்தும் உடம்பு ஒத்துழைக்காமல் வேலை குறைவதை ஆய்வாளர்கள் 'பிரசென்டீயிசம்' என்கிறார்கள். பெரும்பாலான நாட்பட்ட நோய்களில் லீவைவிட இதுதான் பெரிய பங்கு. அமெரிக்காவில் வால்ட்டர் ஸ்டூவர்ட் குழுவினர் ஏறக்குறைய 29,000 உழைப்பாளர்களைத் தொலைபேசியில் விசாரித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், தலைவலி, முதுகுவலி, மூட்டுவலி போன்ற வலிகளால் ஏற்பட்ட இழப்பில் 76.6 சதவீதம், ஆள் வேலையில் இருக்கும்போதே ஏற்பட்டது. அதே குழு, மனச்சோர்வு உள்ளவர்கள் வாரத்துக்கு 5.6 மணி நேர வேலையை இழக்கிறார்கள் என்று கண்டது. மனச்சோர்வு இல்லாதிருந்தால் எதிர்பார்த்திருக்கக்கூடியது 1.5 மணி. டவ் கெமிக்கல் நிறுவனம் தன் அமெரிக்க ஊழியர்களிடம் செய்து 2005-இல் வெளிவந்த ஆய்வு உங்கள் வேலைக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே நோயைப் பொறுத்து 4 வாரத்தில் 0.9 மணி முதல் 5.9 மணி வரைதான் லீவாகப் போனது. ஆனால் வேலையில் இருந்தபோது திறன் 17.8 முதல் 36.4 சதவீதம் வரை குறைந்திருந்தது. சிகிச்சைச் செலவு, லீவு, திறன் குறைவு மூன்றையும் கூட்டினால் மொத்த ஊழியர் செலவில் 10.7 சதவீதம்; அந்த 10.7-இல் 6.8 புள்ளி திறன் குறைவு மட்டுமே.

இந்த எண்களை எடுத்து உங்கள் 600 பேரின் சம்பளத்தோடு பெருக்கி அறிக்கையில் போட்டுவிடாதீர்கள். அவை வேறு வேலை, வேறு வயதுக்கலவை, வேறு லீவு விதிகள் உள்ள இடத்தின் எண்கள். லீவை மட்டும் எண்ணினால் எவ்வளவு தப்பிப் போகும் என்று காட்ட மட்டும் பயன்படுத்துங்கள்.

உங்கள் இரண்டு நாள் வித்தியாசம் சிறிதாகத் தெரிவதற்கு வேறு காரணங்களும் உண்டு. நோய் இருப்பதாக 'எங்களுக்குத் தெரிந்தவர்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாதவர்கள் எல்லாம் 'ஆரோக்கியமானவர்' பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், நீங்கள் உட்பட. தனக்குச் சுகர் இருப்பதே தெரியாதவரும் அந்தப் பக்கம்தான். இப்படி இரண்டு கூட்டமும் கலந்துவிட்டால் வித்தியாசம் தானாகச் சுருங்கும். அடுத்தது, நோய் முற்றி வேலையை விட்டுப் போனவர்கள் உங்கள் பட்டியலிலேயே இல்லை. வேலை பார்த்துக்கொண்டிருப்பவர்களை மட்டும் பார்த்தால் எல்லோரும் ஓரளவு நலமாகத்தான் தெரிவார்கள். தொழில்சார் மருத்துவத்தில் இதை 'ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு' என்கிறோம். கடந்த 3 ஆண்டில் விலகியவர்களின் வயது, பிரிவு, எத்தனை வருடம் இருந்தார்கள், காரணம் என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்பதை ஒரு தனி அட்டவணையாகப் போடுங்கள். 'சொந்தக் காரணம்' என்று எழுதியவர்கள் எந்தப் பிரிவில் குவிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இதற்கு யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

முடியாதவர்கள் ஏன் வருகிறார்கள் என்பதும் முக்கியம். நாட்பட்ட நோய்க்காரர் தன் லீவைச் செலவழிப்பதில்லை, சேமிக்கிறார். மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் வேண்டுமே என்று சாதாரண முடியாமைக்கெல்லாம் லீவு போடாமல் ஓட்டுகிறார். அதனால் லீவு குறைவு என்பது நோய் குறைவு என்று ஆகாது. சில இடங்களில் நேர் எதிர்தான். பிரிட்டிஷ் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஒயிட்ஹால் 2 ஆய்வில் கிவிமாக்கி குழு 2005-இல் ஒன்றைக் காட்டியது: உடல்நலம் குன்றிய ஆண் ஊழியர்களில் 3 ஆண்டுகளில் ஒரு நாள்கூட நோய் லீவு எடுக்காதவர்களுக்கு, அளவாக லீவு எடுத்தவர்களைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தீவிர மாரடைப்பு நிகழ்வுகள். நோயோடு வருகிறவரை 'லீவே போடாத ஆள்' என்று பாராட்டிப் பரிசு கொடுக்கும் வழக்கம் உங்களிடம் இருந்தால், அதை நிறுத்தச் சொல்லி அறிக்கையில் எழுதுங்கள்.

இனி கேள்வித்தாள். புதிதாக நீங்களே எழுத வேண்டாம். சரிபார்க்கப்பட்ட கருவிகள் இருக்கின்றன. முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது டபிள்யூ.பி.ஏ.ஐ. (WPAI) என்ற ஆறு கேள்வித் தாள். ரெய்லி குழு 1993-இல் வெளியிட்டது. இலவசமாகக் கிடைக்கிறது, 5 நிமிடத்தில் நிரப்பிவிடலாம். கடந்த 7 நாளை மட்டும் கேட்கும். வேலையில் இருக்கிறீர்களா, உடல்நிலையால் எத்தனை மணி நேரம் வேலைக்கு வர முடியாமல் போனது, வேறு காரணத்தால் எத்தனை மணி, உண்மையில் எத்தனை மணி வேலை செய்தீர்கள், வேலை செய்த நேரத்தில் உடல்நிலை உங்கள் வேலையை எந்த அளவு பாதித்தது (0 முதல் 10), வேலைக்கு வெளியே உள்ள அன்றாடக் காரியங்களை எந்த அளவு பாதித்தது (0 முதல் 10). அவ்வளவுதான்.

கணக்கை ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம். உடல்நிலையால் 4 மணி போயிற்று, 36 மணி வேலை செய்தார், பாதிப்பு மதிப்பெண் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். வராத இழப்பு 4-ஐ 40-ஆல் வகுத்தால் 10 சதவீதம். வந்தபோது ஏற்பட்ட இழப்பு 3-ஐ 10-ஆல் வகுத்தால் 30 சதவீதம். மொத்தம் 40 அல்ல. வந்த 90 சதவீத நேரத்தில்தான் அந்த 30 சதவீதம் போயிருக்கிறது. எனவே 10-உடன் 27-ஐக் கூட்டி 37 சதவீதம். எக்செலில் நேராகக் கூட்டிவிடுவது இங்கே நடக்கும் முதல் தப்பு. இரண்டாவது தப்பு, வகுக்கும் எண்ணாக ஷிப்ட் நேரத்தைப் போடுவது. உடல்நிலையால் போன மணியையும் உண்மையில் வேலை செய்த மணியையும் கூட்டித்தான் வகுக்க வேண்டும். ஓவர்டைம் செய்தவருக்கு இந்த எண் 52-கூட வரலாம். சொந்த வேலையாக எடுத்த லீவு இதில் சேரவே சேராது. மூன்றாவது தப்பு, அந்த வாரம் முழுக்க லீவில் இருந்தவருக்கு வேலை நேரப் பாதிப்பை 0 என்று போடுவது. அவர் வேலையே செய்யவில்லை, அந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டும். 0 போட்டால், மிக முடியாதவர் மிக நன்றாக வேலை செய்தவராகச் சராசரியில் ஏறிவிடுவார்.

உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து ரொனால்டு கெஸ்லர் உருவாக்கிய எச்.பி.கியூ. (HPQ) என்ற தாளும் நல்லது. அது 4 வாரத்தைக் கேட்கிறது. ஆனால் அதில் 10 என்றால் மிகச் சிறந்த வேலை. டபிள்யூ.பி.ஏ.ஐ.-யில் 10 என்றால் முழு பாதிப்பு. இரண்டையும் ஒரே தாளில் போட்டால் நிரப்புகிறவரும் குழம்புவார், கணக்குப் போடுகிறவரும் தலைகீழாகப் போட்டுவிடுவார். ஏதாவது ஒன்று. டெப்ரா லெர்னர் குழுவின் டபிள்யூ.எல்.கியூ. (WLQ) 25 கேள்வி கொண்டது. நேரத்தைச் சமாளிப்பது, உடல் உழைப்பு, மனம் சார்ந்த வேலையும் ஆட்களோடு பழகுவதும், வேலையை முடித்துக் கொடுப்பது என்று நான்காகப் பிரித்துக் கேட்கும். விவரம் அதிகம் கிடைக்கும். அனுமதி வாங்கித்தான் பயன்படுத்த வேண்டும்.

மொழிபெயர்த்துப் பயன்படுத்துவதென்றால் ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திருப்பி மூலமொழிக்குக் கொண்டுபோகட்டும். எங்கே பொருள் மாறுகிறது என்று தெரிந்துவிடும். 'உற்பத்தித்திறன்' என்ற சொல்லைப் பார்த்ததும் உற்பத்திப் பிரிவில் இருப்பவர் எத்தனை உருப்படி போட்டோம் என்று எண்ணுவார். அலுவலகத்தில் இருப்பவர் இது தனக்கான கேள்வியே இல்லை என்று 0 போடுவார். 'உங்கள் வேலையைச் செய்வதில் உடல்நிலை எந்த அளவு தடையாக இருந்தது' என்ற பொருள் இருவருக்கும் சேர வேண்டும். 10 முதல் 15 பேரிடம் முன்னோட்டமாகக் கொடுத்து, நிரப்பி முடித்ததும் 'இந்தக் கேள்வியை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்' என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

மேலே கணக்கில் பார்த்த அந்த 30 சதவீதம், உருப்படி எண்ணிக்கையில் 30 சதவீதக் குறைவு அல்ல. ஆள் தானே போட்டுக்கொண்ட மதிப்பெண். நோயே இல்லாதவரும் தூக்கம் போதாமல், சளி பிடித்து 1 அல்லது 2 போடுவார். எனவே நோய் உள்ளவர்களின் முழு இழப்பையும் நோயின் கணக்கில் எழுதக் கூடாது. சுகர் உள்ளவர்களின் சராசரி 14 சதவீதம், எந்த நோயும் இல்லாதவர்களின் சராசரி 9 சதவீதம் என்று வந்தால், சுகரோடு தொடர்புள்ளதாகச் சொல்லக்கூடியது 5 புள்ளி மட்டுமே. அதுவும் வயது, பால், ஷிப்ட் ஆகியவற்றைச் சரிக்கட்டிய பிறகு. சுகர்காரர்கள் சராசரியாக 10 வயது மூத்தவர்களாக இருந்தால், அந்த 5-இல் ஒரு பங்கு வயதினுடையது.

நோய்வாரியாகக் கணக்கிட்டு எல்லாவற்றையும் கூட்டுவது இன்னொரு பெரிய பொறி. சுகர் உள்ளவருக்குப் பிரஷரும் இருக்கும், முதுகுவலியும் இருக்கும், அதோடு மனச்சோர்வும் வந்திருக்கலாம். அவருடைய ஒரே இழப்பு நான்கு நோயிலும் நான்கு முறை எண்ணப்படும். கூட்டிப் பார்த்தால் நிறுவனம் மொத்தமாக வேலை செய்த நேரத்தைவிட இழந்த நேரம் அதிகமாக வந்தாலும் ஆச்சரியமில்லை. நோய் இல்லை, ஒன்று, இரண்டு, மூன்றும் அதற்கு மேலும் என்று எண்ணிக்கைப்படி நான்கு கூட்டமாகப் பிரியுங்கள். ஒருவர் ஒரு கூட்டத்தில்தான் இருப்பார். புள்ளியியல் தெரிந்தவர் துணைக்கு இருந்தால் எல்லா நோயையும் சேர்த்து ஒரே பின்னடைவுச் சமன்பாட்டில் (ஒவ்வொரு நோயின் தனிப் பங்கையும் பிரித்துக் காட்டும் கணக்கு) போடலாம். எப்படிச் செய்தாலும் சராசரியோடு இடைநிலை எண்ணையும் (எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் எண்) கொடுங்கள். பாதிப் பேர் 0 போட்டு, சிலர் 70, 80 போடும் தரவில் சராசரி மட்டும் ஏமாற்றும்.

எத்தனை பேர் வேண்டும்? ஒரு நோய் சுமார் 20 சதவீதம் பேருக்கு இருக்கும் என்று எண்ணி, 5 புள்ளிக்குள் துல்லியமாக, 95 சதவீத நம்பிக்கையோடு அறிய 246 பேர்; மொத்தமே 600 பேர் என்பதால் திருத்தினால் 175. ஆனால் ஷிப்ட்வாரியாகவும் நோய்வாரியாகவும் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் 175 பத்தாது. 600 பேருக்கும் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் வாரத்தில் நீண்ட லீவில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கு அனுப்புங்கள். அவர்களை விட்டுவிட்டால் யாருக்காக இந்த ஆய்வோ அவர்களே கணக்கில் வராமல் போய்விடுவார்கள்.

நோய்ப்பட்டியலில் பிரஷரைப் பற்றி ஒரு வார்த்தை. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எதையும் உணரச் செய்வதில்லை. அந்த வரிசையில் இழப்பு 0-க்குப் பக்கத்தில் வரலாம். அதைப் பார்த்து நிர்வாகம் பிரஷர் முக்கியமில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அது இந்த வார வேலையைக் கெடுப்பதில்லை. பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு என்று ஆண்டுகள் கழித்து ஆளையே எடுத்துக்கொள்கிறது. ஏழு நாள் கேள்வித்தாளால் அதைக் காட்ட முடியாது என்று அறிக்கையில் வெளிப்படையாக எழுதுங்கள்.

இவ்வளவும் செய்தால் உங்களுக்கு ஒரு சதவீத எண் கிடைக்கும். அதோடு நின்றால் செய்தது வீண். எத்தனை பேருக்குச் சுகர் என்பதை வைத்து நிர்வாகம் ஒன்றும் செய்ய முடியாது. அந்தச் சுகர் வேலையின் எந்த இடத்தில் போய் முட்டுகிறது என்று தெரிந்தால் செய்ய நிறைய இருக்கிறது. ஆறு கேள்விக்குப் பிறகு வேலையைப் பற்றி இன்னும் ஆறு கேள்வி சேருங்கள். நாளின் எந்த நேரத்தில் அதிகம் முடியாமல் போகிறது? எந்தக் குறிப்பிட்ட வேலையைச் செய்யும்போது? அனுமதி கேட்காமல் 5 நிமிடம் நகர முடியுமா? வேலையின் வரிசையையோ வேகத்தையோ நீங்களே மாற்றிக்கொள்ள முடியுமா? வேலை நேரம் காரணமாகக் கடந்த மாதம் மருந்தையோ மருத்துவரைப் பார்ப்பதையோ தவிர்த்தீர்களா? எந்த ஒரு மாற்றம் செய்தால் உங்களுக்கு உதவும்? கடைசிக் கேள்விக்குக் கீழே இரண்டு வரி இடம் விடுங்கள். நிர்வாகம் கையில் எடுக்கக்கூடிய விஷயங்கள் பெரும்பாலும் அந்த இரண்டு வரியில்தான் இருக்கும்.

ஏன் இவற்றைக் கேட்கச் சொல்கிறேன் என்றால், ஒரே நோய் இரண்டு வேலையில் இரண்டு மாதிரி நடந்துகொள்கிறது. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். விழுங்கிய சில மணி நேரத்துக்கு அடிக்கடி கழிவறை போக வேண்டும். அலுவலகத்தில் இருப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஓடும் உற்பத்தி வரிசையில் நிற்பவர் ஒவ்வொரு முறையும் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, தன் இடத்தில் நிற்க மாற்றாள் வரும்வரை காத்திருக்க வேண்டும். மூன்றாவது முறை கூப்பிடும்போது முகம் சுளிக்கப்படும். அடுத்த வாரத்திலிருந்து வேலை நாளில் அவர் மாத்திரை போடுவதில்லை. லீவு கிடையாது, புகார் கிடையாது, பிரஷர் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. மருத்துவரிடம் சொன்னால் மருந்தையோ நேரத்தையோ மாற்றித் தருவார். வரிசைக்கு ஒரு மாற்றாளை எப்போதும் தயாராக வைத்தால் அதுகூடத் தேவைப்படாது.

இரவு ஷிப்டில் இன்சுலினோ, கிளிமெபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவரின் கதை இன்னும் கவனிக்க வேண்டியது. இடைவேளை 40 நிமிடம் தள்ளிப்போகிறது. விரல் நடுங்குகிறது, வியர்க்கிறது, எண்ணிக்கொண்டிருந்த உருப்படியில் எண்ணிக்கை தப்புகிறது, மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறார். பக்கத்தில் இருப்பவருக்கு அது தூக்கக் கலக்கமாகத் தெரியும். சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கும். உடனே 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை, இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி 15 கிராம். நினைவு தப்பினால் வாயில் எதையும் புகட்டக் கூடாது, உடனே மருத்துவ உதவி. இதைச் செய்ய அவருக்கு இடத்தை விட்டு நகரும் உரிமையும், கைக்கெட்டும் தூரத்தில் குளுக்கோஸும் வேண்டும். இடைவேளை தள்ளிப்போகக் கூடாத ஆட்கள் யார் என்று ஷிப்ட் சூப்பர்வைசருக்கு, அந்த ஆட்களின் சம்மதத்தோடு, தெரிந்திருக்க வேண்டும். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று ஷிப்ட் புரள்வது இவர்களுக்கு மிகக் கடினம்; ஒவ்வொரு முறையும் மருந்து நேரத்தை மருத்துவரோடு சேர்ந்து மாற்றியாக வேண்டும்.

ஒற்றைத் தலைவலி அதிகம் தெரியவந்தால் வெளிச்சம், திரைக் கூச்சம், தொடர் சத்தம் மூன்றையும் முதலில் பாருங்கள். கூடவே, மாதத்தில் எத்தனை நாள் வலி மாத்திரை போடுகிறார்கள் என்று கேளுங்கள். சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகையையோ கலவை மாத்திரையையோ 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் மேலாகப் போட்டுவந்தால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். வேலையை விடாமல் பார்க்கத்தான் அவர்கள் மாத்திரை போட்டிருப்பார்கள். வேலை நேரத்தையும் கேளுங்கள்: வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் மதிப்பிட்டன. ஓவர்டைமே நோயின் ஒரு காரணமாக இருக்கும்போது, நோயால் நிறுவனத்துக்கு இழப்பு என்று ஒரு பக்கத்தை மட்டும் எழுதுவது நியாயமில்லை.

ஆட்கள் உண்மையைச் சொல்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். யார் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அலுவலக ஐடியில் உள்நுழைந்து நிரப்பும் படிவத்தை 'பெயர் தேவையில்லை' என்று சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. காகிதமாகக் கொடுங்கள், உறையில் போட்டு ஒட்டி, பூட்டிய பெட்டியில் போடட்டும். சூப்பர்வைசர் கையால் கொடுக்கவோ வாங்கவோ வேண்டாம். பெட்டியைத் திறந்து தரவேற்றுவது வெளியாள் ஒருவராக, ஒரு கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறையோ புள்ளியியல் துறையோ, இருக்கட்டும். மூலத்தாள்கள் நிறுவனத்துக்குத் திரும்பி வராது என்பதை எழுத்தில் வாங்கி, அந்தக் கடிதத்தையே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

பெயர் இல்லாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். வயது 47, பெண், கணக்குப் பிரிவு என்று மூன்று கேள்வி போதும். வயதைப் பத்துப் பத்தாகக் கேளுங்கள், சிறிய பிரிவுகளை ஒன்றாகச் சேருங்கள். 10 பேருக்குக் குறைவான எந்தக் கட்டத்தையும் அறிக்கையில் அச்சிட வேண்டாம். 'கால்கை வலிப்பு: 2 பேர், இரவு ஷிப்ட்' என்று ஒரு வரி வந்தால் போதும், அடுத்த நாள் அந்த இரண்டு பேர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். ஆண்டு மருத்துவப் பரிசோதனை முடிவுகளோடு இந்தத் தாள்களைப் பொருத்திப் பார்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கூடாது. அது வேறு காரணத்துக்காகக் கொடுத்த ரத்தம்.

நிர்வாகத்திடம் ஆரம்பிக்கும் முன்பே ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: முடிவு வந்ததும் குறைந்தது இரண்டு மாற்றங்களை 6 மாதத்துக்குள் செய்வோம், இந்தத் தகவலை வைத்து யாருடைய பணியையும் மதிப்பிட மாட்டோம் என்ற உறுதி. அது கிடைக்காவிட்டால் ஆய்வைத் தள்ளிப்போடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. நோயைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒன்றும் செய்யாமல் இருந்தால், அடுத்த முறை ஒருவரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

அறிக்கை கொடுத்ததும் அவர்களுக்கு முதலில் தோன்றுவது ஒரு 'ஆரோக்கியத் திட்டமாக' இருக்கும்: நடைப் போட்டி, எடைக்குறைப்புப் பரிசு, ஒரு செயலி. அமெரிக்காவில் இதைக் குலுக்கல் முறையில் சரியாகச் சோதித்திருக்கிறார்கள். ஒரு சில்லறை வணிக நிறுவனத்தின் 160 கிளைகளில் 20-ஐக் குலுக்கலில் தேர்ந்தெடுத்துத் திட்டம் கொடுத்து, மொத்தம் சுமார் 33,000 ஊழியர்களை 18 மாதம் பார்த்து, சாங், பைக்கர் இருவரும் 2019-இல் வெளியிட்டார்கள். சில பழக்கங்கள் மேம்பட்டதாக ஊழியர்கள் சொன்னார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, மருத்துவச் செலவு, லீவு எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. இலினாய் பல்கலைக்கழக ஊழியர்களிடம் நடந்த சோதனையிலும் ஏறக்குறைய இதே முடிவு. அதற்கு முந்தைய பல ஆய்வுகள் பெரும் லாபம் காட்டியதற்கு ஒரு முக்கியக் காரணம், தானாக முன்வந்து சேர்ந்தவர்கள் முதலிலிருந்தே ஆரோக்கியமானவர்களாக இருந்ததுதான்.

இதற்கு மாறாக, முடியாதவருக்கே நேராகச் சிகிச்சை கிடைக்க வழி செய்ததில் பலன் தெரிந்திருக்கிறது. மனச்சோர்வுள்ள 604 ஊழியர்களிடம் நடந்த குலுக்கல் சோதனையில் (2007), தொலைபேசியில் தேடிப் பேசி, சிகிச்சைக்கு அனுப்பி, விடாமல் கவனிக்கப்பட்ட ஊழியர்கள், வழக்கமான கவனிப்பில் விடப்பட்டவர்களைவிட வாரத்துக்குச் சுமார் 2.6 மணி கூடுதலாகப் பயனுள்ள வேலை செய்தார்கள்; வேலையில் நிலைத்தவர்களும் அதிகம். ஆகவே பணம் ஒதுக்குவதென்றால், மருத்துவரைப் பார்க்க வேலை நேரத்திலேயே மாதம் 2 மணி அனுமதி, வரிசைக்கு மாற்றாள், இடைவேளை தவறாமை, நின்றே பார்க்கும் வேலைக்கு ஒரு நாற்காலி என்பதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். எதையும் ஒரே நாளில் எல்லாப் பிரிவிலும் தொடங்காமல், முதலில் ஒரு ஷிப்டில் மட்டும் தொடங்கி, 6 மாதம் கழித்து அதே ஆறு கேள்வியை இரண்டு ஷிப்டிலும் கேளுங்கள். ஓர் ஆண்டு கழித்து அதே பருவத்திலும் கேட்பது இன்னும் நல்லது. ஆஸ்துமா, ஒவ்வாமை, மூட்டுவலிக்காரர்களின் மதிப்பெண் பருவத்தோடு மாறும்.

3 மாதம் போதும். முதல் 3 வாரம் உறுதிக் கடிதம், மொழிபெயர்ப்பு, முன்னோட்டம். அடுத்த 2 வாரம் தாள் கொடுத்து வாங்குவது. தரவேற்றவும் சரிபார்க்கவும் 3 வாரம். மீதி 4 வாரம் கணக்குக்கும் எழுத்துக்கும். பண்டிகை வாரம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரம் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். 7 நாளைக் கேட்கும் தாளில் அந்த வாரம் மட்டும்தான் பதிவாகும்.

இழப்பைப் பணமாக மாற்றிக் கேட்பார்கள். இழந்த மணியைச் சம்பளத்தால் பெருக்குவது எளிது, ஆனால் மிகைப்படுத்தும். அலுவலக வேலையில் பாதியை அவரே மறுநாள் முடித்துவிடுவார், மீதியைப் பக்கத்து இருக்கைக்காரர் செய்வார். ஓடும் வரிசையில் அதற்கு நேர்மாறு, ஒருவர் தாமதித்தால் பின்னால் எட்டுப் பேர் நிற்பார்கள். எனவே இரண்டு பிரிவையும் தனித்தனியாக, ஒற்றை எண்ணாக இல்லாமல் 'இதிலிருந்து இதற்குள்' என்று கொடுங்கள்.

இனி உங்களைப் பற்றி. சொல்வதா வேண்டாமா என்பது முழுக்க உங்கள் முடிவு. இந்த ஆய்வுக்காகச் சொல்லியே ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை. நோயின் பெயரைச் சொல்லாமலே கேட்கக்கூடியவை உண்டு. முடக்குவாதத்தில் காலை விறைப்பு பலருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். வேலையை ஒரு மணி நேரம் தள்ளித் தொடங்கி, தள்ளி முடிக்கக் கேளுங்கள். தட்டச்சு அதிகமுள்ளதை மதியத்துக்கும், பேச்சும் கூட்டமும் உள்ளதைக் காலைக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். இந்த நோய்க்குத் தரும் மெதோட்ரெக்ஸேட் எடுக்கிறீர்கள் என்றால் அது வாரம் ஒரு முறை மட்டும் எடுக்க வேண்டிய மருந்து. எடுத்த மறுநாள் சோர்வும் குமட்டலும் இருந்தால், அது உங்கள் விடுமுறை நாளில் விழும்படி எடுக்கும் கிழமையை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வீக்கம் அடங்காமல் இருந்தால் வலி மாத்திரையில் ஓட்டாதீர்கள். மூட்டு எலும்பு ஒருமுறை அரிக்கப்பட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. மருந்தை மாற்ற வேண்டிய கட்டம் அதுவாக இருக்கலாம்.

600 தாளில் ஒன்று உங்களுடையது. அதையும் நிரப்பி உறையில் போடுங்கள். மனிதவளப் பிரிவில் நீங்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பீர்கள் என்றால், உங்கள் பிரிவை 'நிர்வாகமும் கணக்கும்' என்று பெரிய பிரிவோடு சேர்த்து அச்சிடச் சொல்லுங்கள். அந்த மாற்றத்தைத் தாள் அச்சுக்குப் போவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.